மாத்திரையைப் பாதியாக உடைப்பதற்குப் பெயர் சிக்கனமா?

வலிப்பு நோய்க்கான மாத்திரைச் செலவைக் குறைப்பது எப்படி என்று வார இதழ்களிலும் யூடியூபிலும் ஆலோசனை சொல்லும் கனவான்கள் பெருகிவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு மொத்தமாக வாங்குங்கள், தள்ளுபடி கிடைக்கும். நான்கு கடைகளில் விலை விசாரியுங்கள். செயலியில் ஆர்டர் போடுங்கள். காப்பீடு எடுத்து வையுங்கள். புறநோயாளியாக வாங்கும் மாத்திரைக்குப் பெரும்பாலான காப்பீடுகள் ஒரு பைசாவும் தராது என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள்.

மூன்று மாத மாத்திரைக்கு மொத்தமாகப் பணம் கட்ட முடிந்தவனுக்கு இந்த ஆலோசனையே தேவையில்லை. அன்றைக்குக் கூலி வாங்கி அன்றைக்கு அரிசி வாங்கும் வீட்டில் சிக்கனம் ஏற்கனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள்.

என் தம்பிக்கு முதல் வலிப்பு வந்தபோது வயது பத்தொன்பது. கொத்தனாருக்குக் கையாளாகப் போய்க்கொண்டிருந்தான். நகரத்தில் ஒரு தனியார் மருத்துவரிடம் காட்டினோம். இரண்டு மாத்திரை எழுதினார், இரண்டுமே கம்பெனிப் பெயரில். அந்தப் பெயர் அவருடைய கிளினிக்குக்குக் கீழே இருக்கும் கடையில் மட்டும்தான் கிடைத்தது. மாதம் 1,400 ரூபாய். எங்கள் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். இரண்டு மாதம் கடன் வாங்கிச் சமாளித்தார். மூன்றாவது மாதம் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். காலை மாத்திரை வேண்டாம், இரவு மட்டும் போதும். கூலி வராத வாரத்தில் அதையும் பாதியாக உடைத்துக் கொடுத்தார். பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான் என்று நினைத்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

நான்காவது மாதம் அவன் அடுப்பருகே விழுந்தான். வலது கை முழங்கை வரை வெந்துபோனது. அதே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் கேட்ட முதல் கேள்வி: “மாத்திரையை ஏன் ஒழுங்கா சாப்பிடல? உங்க ஆளுங்களே இப்படித்தான்.”

யார் அந்த ‘உங்க ஆளுங்க’? ஊரின் பெயரைக் கேட்டார், தெருவின் பெயரைக் கேட்டார், அதற்குப் பிறகு வந்த சொல் அது. 1,400 ரூபாய்க்கு மருந்து எழுதியபோது அவருக்கு எங்கள் தெரு தெரியவில்லை. கை வெந்து வந்தபோது மட்டும் தெரிந்துவிட்டது.

வலிப்பு மாத்திரை காய்ச்சல் மாத்திரை அல்ல. இரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்க வேண்டும். வேளை தவறினால் அளவு இறங்கும், இறங்கினால் அடக்கி வைத்த வலிப்பு திரும்பும். திடீரென்று நிறுத்தினால் ஒரு வலிப்பு நிற்பதற்குள் அடுத்தது தொடங்கும். அது உயிரையே எடுக்கும். இதை எங்கள் அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கு இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்துக்குரிய மனிதர்களாக எங்களை அங்கே யாரும் கருதவில்லை.

சரி, இந்த மருந்துகள் அவ்வளவு அரியவையா? பினோபார்பிட்டோன் 1912 முதல் விற்பனையில் இருக்கிறது. பினைட்டாயின் 1938 முதல் வலிப்புக்குப் பயன்படுகிறது. கார்பமசெப்பினும் வால்புரோவேட்டும் 1960களைச் சேர்ந்தவை. இன்று அதிகம் எழுதப்படும் லெவெட்டிரசிட்டம்கூடக் கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. இவற்றின் காப்புரிமை எல்லாம் எப்போதோ முடிந்துபோன கதை. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் புண்ணியத்தில் உலகுக்கே மலிவு விலை மருந்து செய்து அனுப்புகிற நாடு இது. ஆப்பிரிக்காவுக்குப் போகும் மாத்திரை எங்கள் தெருவுக்கு வரும்போது மட்டும் ஏன் விலை ஏறுகிறது?

ஏனென்றால் இங்கே விற்பது மருந்து அல்ல, பெயர். ஒரே வேதிப்பொருளுக்கு நூறு பெயர் வைத்து, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விலை வைத்து, அந்தப் பெயரை எழுதச் சொல்லி மருத்துவரிடம் ஆள் அனுப்புகிறார்கள். சில நிறுவனங்கள் ஒரே மருந்தைப் பெயரோடு ஒரு விலைக்கும் பெயரில்லாமல் இன்னொரு விலைக்கும் விற்கின்றன. இந்தப் பெயர் வியாபாரத்தைப் படிப்படியாக ஒழிக்க வேண்டும் என்று ஹாத்தி குழு 1975லேயே சொல்லிவிட்டது. ஐம்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம், மருத்துவர்கள் வேதிப் பெயரில்தான் எழுத வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. மருத்துவர் சங்கங்கள் எதிர்த்தன. மாதம் முடிவதற்குள் அந்த விதி நிறுத்தி வைக்கப்பட்டது. இட ஒதுக்கீட்டால் தகுதி கெட்டுவிடும் என்று தெருவில் இறங்கிக் கூச்சலிட்டவர்களில் எத்தனை பேர் இந்தத் தகுதிக்கேட்டைப் பேசினார்கள்?

பெயரில்லாத மருந்தில் தரம் இருக்குமா என்ற கேள்வி வெற்றுக் கேள்வி அல்ல, அதையும் பேசிவிடுவோம். வலிப்பு மருந்தில், குறிப்பாகப் பினைட்டாயினில், அளவு கொஞ்சம் முன்பின் ஆனாலும் பாதிப்பு உண்டு. ஆகவே மாதத்துக்கு ஒரு கம்பெனி என்று மாற்றிக்கொண்டே இருக்கக் கூடாது. எதைத் தொடங்கினாலும் அதையே தொடர வேண்டும், மாற்றுவதானால் மருத்துவரிடம் சொல்லி மாற்ற வேண்டும். ஆனால் இது ‘அடிக்கடி மாற்றாதே’ என்பதற்கான காரணமே தவிர, ‘விலை கூடியதையே வாங்கு’ என்பதற்கான காரணம் அல்ல. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் மொத்தமாகக் கொள்முதல் செய்து, ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்துப் பரிசோதித்த பிறகுதான் அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. கிளினிக்குக்குக் கீழே இருக்கும் கடையில் அந்தச் சோதனையை யார் செய்கிறார்கள்?

தம்பி இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில்தான் மாத்திரை வாங்குகிறான். காசு இல்லை. அங்கே கிடைக்காத ஒன்றை மட்டும் முதல்வர் மருந்தகத்தில் வாங்குகிறோம். 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட கடைகள் அவை. முன்பு கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. ஒன்றிய அரசின் மக்கள் மருந்தகங்களும் இருக்கின்றன. சீட்டில் வேதிப் பெயரை எழுதித் தரச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, கெஞ்சல் அல்ல. பெண் பிள்ளைகளுக்கு வால்புரோவேட் எழுதியிருந்தால், கருவுற்றால் குழந்தைக்குப் பாதிப்பு வரும் என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். அதற்காக நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம்.

ஆனால் ‘காசு இல்லை’ என்பதும் முழு உண்மை அல்ல. மருத்துவக் கல்லூரிக்குப் போய்வர இரண்டு பேருந்து. வரிசையில் நின்று சீட்டு வாங்கி மருத்துவரைப் பார்த்து மருந்து வாங்கி முடிய மதியம் இரண்டாகிவிடும். அன்றைய கூலி போய்விட்டது. துணைக்கு ஒருவர் போனால் இரண்டு கூலி. மருந்து இலவசம், அதை வாங்குவதற்கான விலை ஒரு நாள் சோறு. அதனால்தான் இலவச மாத்திரையும் பாதியில் நிற்கிறது.

இனி, நம் தெருக்களில் மட்டும் வசூலிக்கப்படும் இன்னொரு விலையைப் பேசுவோம். பேருந்து நிலையத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் விழுந்து துடித்தால் தண்ணீர் வருகிறது, ஆட்டோ வருகிறது. என் தம்பி சிமெண்ட் படிந்த கைலியோடு விழுந்தான். “குடிச்சுட்டுக் கிடக்கான்” என்று சொல்லிக் கடந்து போனார்கள். கொஞ்சம் இரக்கம் உள்ளவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்துவிட்டுப் போனார். இரும்பு வலிப்பை நிறுத்தாது. ஒருக்களித்துப் படுக்க வைப்பதும் தலைக்கு அடியில் துணி வைப்பதும்தான் வேலை, வாயில் எதையும் திணிக்கக் கூடாது. ஆனால் அதற்கு அவனைத் தொட வேண்டுமே!

இன்னொரு கதையும் உண்டு. வலிப்பு பன்றிக்கறி தின்பவர்களுக்கு வரும் நோயாம். ஒரு செவிலியரே எங்கள் அம்மாவிடம் கேட்டார். அறிவியல் சொல்வது வேறு. வேகாத பன்றிக்கறியால் வயிற்றில் நாடாப்புழு வரலாம். மூளைக்குள் கட்டி உண்டாக்கி வலிப்பைத் தருவது அந்தப் புழுவின் முட்டை. அது மனித மலத்தின் வழியாக வெளியேறி, தண்ணீரிலும் பச்சைக் காய்கறியிலும் கலந்து, எவர் வாய்க்குள்ளும் போகும். ஒரு துண்டு கறி தின்னாத சைவருக்கும் வரும். வேலூர் மாவட்டத்தில் நடந்த ஆய்வில் வலிப்புள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கு இதுவே காரணம் என்று தெரியவந்தது. ஆக, இந்த வலிப்புக்குக் காரணம் எங்கள் தட்டு அல்ல. கழிப்பறையும் சாக்கடையும் சுத்தமான குடிநீரும் தராமல் விட்ட நிர்வாகம். யாருடைய தெருவுக்கு இவை கடைசியாக வருகின்றன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சட்டமும் இதே புத்தியோடுதான் இருந்தது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் வலிப்புள்ளவர் திருமணத்துக்குத் தகுதியற்றவர் என்ற நிலை பின்னர் சேர்க்கப்பட்டு, 1999 திருத்தத்தில்தான் நீக்கப்பட்டது. சட்டத்திலிருந்து போனது பெண் பார்க்கும் திண்ணையிலிருந்து இன்னும் போகவில்லை. அதற்கு அஞ்சித்தான் பல வீடுகளில் பெண் பிள்ளைகளின் மாத்திரை ஒளித்து வைக்கப்படுகிறது, பிறகு நிறுத்தப்படுகிறது.

தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் நடக்கிறது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலுக்கே மாத்திரை வருகிறது, நல்ல திட்டம். அந்தப் பையில் வலிப்பு மாத்திரையையும் சேர்க்க என்ன தடை? மருத்துவக் கல்லூரியில் ஒருமுறை முடிவு செய்த மருந்தை, மாதாமாதம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தருவதற்கு என்ன தடை? இதைத்தான் ஆகஸ்ட் 15 கிராம சபையில் மனுவாகக் கொடுத்தோம். பதினொரு வீடுகள் கையெழுத்துப் போட்டன. அதுவரை எங்கள் தெருவில் வலிப்பு இருப்பது என் தம்பிக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மனுவில் கையெழுத்து வாங்கப் போனபோதுதான் இன்னும் மூன்று வீடுகளில் மாத்திரை பாதியாக உடைபடுவது தெரிந்தது.

“மேலே எழுதியிருக்கிறோம்” என்று பதில் வந்திருக்கிறது. அக்டோபர் 2 கிராம சபையில் அதே மனுவை மறுபடி கொடுக்கிறோம், இந்த முறை அந்த மூன்று வீட்டுக்காரர்களும் எழுந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.