திடீர் மௌத் என்று சொல்லிச் சொல்லியே…



பள்ளி மைக்கில் ஜனாஸா அறிவித்தல் வருகிறது. வயது 45, 50 என்கிறார்கள். "என்ன வருத்தம்?" என்று கேட்டால், "ஒரு வருத்தமும் இல்ல, திடீர் மௌத். தக்தீர்" என்கிறோம். மையவாடியிலிருந்து திரும்பும் வழியிலேயே பரோட்டாவும் சீனி கூடிய டீயும் குடித்துவிட்டு வீடு போகிறோம்.

மௌத் அல்லாஹ் குறித்த நேரத்தில்தான் வரும். அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் நம்முடைய கவனயீனத்துக்குத் தக்தீர் என்று பெயர் வைக்க யார் அனுமதி தந்தது? ஒட்டகத்தைக் கட்டிய பிறகுதான் தவக்குல் என்று மிம்பரில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பஸ் வேகமாக வந்தால் தக்தீர் பேசிக்கொண்டு நடுவீதியில் நிற்கிறோமா?

அந்த மௌத்துகளில் பல திடீர் அல்ல. பிரஷர் 140/90ஐத் தாண்டினாலும் பெரும்பாலும் வலிக்காது, தலை சுற்றாது. வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இரத்த நாளங்களைக் கெடுக்கும். சீனி வருத்தம், கொலஸ்ட்ரோல், சிகரட் சேர்ந்தால் இன்னும் வேகம். இருதயத்துக்குப் போகும் நாளம் அடைத்தால் மாரடைப்பு. மூளையில் நாளம் அடைத்தாலோ வெடித்தாலோ பாரிசவாதம்.

35 வயது தாண்டியவர்களுக்கு அரச ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் பிரஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். போய்ப் பாருங்கள், வரிசையில் இருப்பது நம் உம்மாமாரும் ராத்தாமாரும்தான். ஆண்கள் எங்கே? "எனக்கு ஒண்டுமில்ல" என்று கடையில் இருக்கிறோம். பார்க்காமலே ஒன்றுமில்லை என்று எப்படித் தெரியும்?

மருந்து தந்தாலும் "கிட்னி பழுதாகும்" என்று நாமாகவே நிறுத்துகிறோம். கட்டுப்படாத பிரஷரும் சீனியும்தான் கிட்னியைப் பழுதாக்குகின்றன. நோன்பு வந்தால் டொக்டரிடம் கேட்காமலே மாத்திரையை விடுகிறோம். கேட்டால் பலருக்கு சஹருக்கும் இஃப்தாருக்கும் நேரம் மாற்றித் தருவார்.

வயிற்றில் மூன்றில் ஒரு பங்குதான் உணவுக்கு என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். வலீமா சஹனில் உட்கார்ந்தால் அதை மறந்துவிடுகிறோம். ஒருநாளைக்கு உப்பு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி, அதற்குள் நிற்க வேண்டும். கருவாடும் அச்சாறும் மிக்சரும் சேர்ந்தால் அது எந்த மூலைக்கு?

இன்னொன்று. வாய் கோணினால், ஒரு கை தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். அடைப்பால் வந்த பாரிசவாதத்துக்கு இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை வழமையாக நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். நெஞ்சு இறுகி வியர்த்தாலும் "கேஸ்ட்ரிக்" என்று சோடா குடிக்காமல் அதே இலக்கத்துக்கு எடுங்கள். ஓதிப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. அம்புலன்ஸிலும் ஓதலாம்.

வாப்பா இல்லாத பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். மாணவர் விபரப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடம் வரும்போது அந்தப் பிள்ளை பேனையை வைத்துவிட்டு நம்மைப் பார்க்கும். அந்தப் பிள்ளையிடம் போய்த் தக்தீர் என்று சொல்லிப் பாருங்கள்.

பள்ளி நிர்வாகிகளிடம் ஒரு கோரிக்கை. ஒரு பிரஷர் மெஷின் வாங்க நம் ஊருக்கு வசதியில்லையா? மாதத்தில் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு பிரஷர் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். ஜனாஸா அறிவிக்கும் அதே மைக்கில் அதையும் அறிவியுங்கள்.

இந்த வெள்ளிக்கே தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.