சாமின் மடியில் ஃப்ரோடோ

மோர்டார் நாட்டின் எல்லையில், மலைப் படிக்கட்டில் ஃப்ரோடோ உறங்குகிறான். அவன் தலை சாமின் மடியில். சாமின் ஒரு கை அவன் நெற்றியிலும் மற்றொன்று மார்பிலும். திரும்பிவரும் கோல்லம் இதைப் பார்த்து நிற்கிறது. மோதிரத்தின்மீதான ஆசையால் சீரழிந்த அந்தப் பிறவிக்குள் ஏதோ இளகுகிறது. ஃப்ரோடோவின் முழங்காலை வருடுவதுபோலத் தொடுகிறது. கண்விழித்த சாம் சீறுகிறான். கோல்லம் மறுபடி இறுகிவிடுகிறது. தன் கதையிலேயே பெருந்துயரமான தருணம் இதுவாக இருக்கலாம் என்று ஜே.ஆர்.ஆர். டோல்கீன் ஒரு கடிதத்தில் குறிப்பிட்டார்.

‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலைப் பால்புதுமை (குயர்) கோணத்தில் வாசிப்பவர்கள் இத்தகைய பக்கங்களில்தான் நிற்கிறார்கள். “இல்லாததைப் புகுத்துகிறார்கள்” என்பது அவர்கள்மீது வழக்கமாக வீசப்படும் குற்றச்சாட்டு. டோல்கீன் சொசைட்டி 2021 ஜூலையில் பன்முகத்தன்மை குறித்த கருத்தரங்கை நடத்தியபோதும் இதே கூச்சல் எழுந்தது.

அந்தக் குற்றச்சாட்டு தவறு. மடியும் நெற்றியும் வருடலும் டோல்கீனே எழுதியவை. “வெறும் நட்புதானே” என்று அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகிறவர்தான் நூலில் இருப்பதைப் பார்க்காமல் விடுகிறார்.

டோல்கீன் ஆழ்ந்த கத்தோலிக்கர். ஃப்ரோடோவையும் சாமையும் காதலர்களாக அவர் எண்ணினார் என்பதற்கு ஆதாரமில்லை. பொறுப்பான ஆய்வாளர்களின் வாதமும் அதுவல்ல. முதல் உலகப் போரில், 1916-இல், சோம் போர்க்களத்தில் இருந்தவர் டோல்கீன். அந்தப் போரில் தான் அறிந்த சாதாரணச் சிப்பாய்களும் அதிகாரிகளின் பணியாட்களும்தான் சாமுக்கு மூலம் என்று அவரே சொல்லியிருக்கிறார். இந்த இழையைப் பிடித்துக்கொண்ட ஆய்வாளர் அன்னா ஸ்மால் 2004-இல் ஒரு கட்டுரை எழுதினார். பதுங்குகுழிகளில் ஆண்கள் ஒருவரையொருவர் தாங்கி அணைத்துக் காத்த நெருக்கத்தை ஃப்ரோடோவுக்கும் சாமுக்கும் இடையில் அவர் காண்கிறார். அந்த நெருக்கத்தை நட்பு, காதல் என்ற இரண்டு பெட்டிகளில் ஒன்றில் போட்டு மூடிவிட முடியாது.

நாவல் வெளியான காலமும் கவனிக்கத்தக்கது. முதல் பாகம் 1954 ஜூலையில் வந்தது. அடுத்த மாதமே, ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய சட்டத்தை ஆராய பிரிட்டிஷ் அரசு வுல்ஃபென்டன் குழுவை அமைத்தது. இங்கிலாந்தில் அந்தச் சட்டம் தளர்ந்தது 1967-இல்தான். அந்த ஆண்டுகளில் இந்த நாவலைப் போற்றி எழுதியவர்களில் முக்கியமானவர், தன்பாலீர்ப்பாளரான கவிஞர் டபிள்யூ.எச். ஆடன்.

“சாம் ரோஸியை மணந்துகொண்டானே?” என்பார்கள். மணந்தான், பதின்மூன்று பிள்ளைகள். ஆனால், ரோஸியோடு தன் வீட்டுக்கே குடிவரும்படி சாமை அழைப்பவன் ஃப்ரோடோ. பிற்சேர்க்கையின்படி, ரோஸி இறந்த பிறகு சாமும் ஃப்ரோடோ போன கடலைக் கடக்கிறான். ஒரு வாழ்க்கையில் இரண்டு அன்புகளுக்கும் நாவல் இடம் கொடுத்திருக்கிறது. எதையும் புகுத்த வேண்டிய அவசியமே இல்லை.

இன்னும் வெளிப்படையான உதாரணம், எல். ஃபிராங்க் பாம் 1904-இல் எழுதிய இரண்டாவது ஓஸ் நாவல். சூனியக்காரியிடம் வளரும் டிப் என்ற சிறுவன், உண்மையில் ஓஸ் நாட்டின் இளவரசி ஓஸ்மா என்று தெரியவருகிறது. தயங்கித் தயங்கி அவன் பெண்ணுருவுக்குத் திரும்புகிறான். திரும்பிய பிறகு, தான் அதே டிப்தான் என்று நண்பர்களிடம் சொல்கிறாள். நூற்றாண்டுக்கு முந்தைய இந்தக் குழந்தைக் கதையில் திருநர் வாசகர்கள் தங்களைக் கண்டுகொள்வதை யாரும் குறையாகச் சொல்ல முடியாது.

எல்லை மீறும் வாசிப்புகளும் உண்டு. ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் தன் நண்பர் எட்வர்ட் காலின்மீது கொண்டிருந்த ஏக்கத்துக்குக் கடிதங்கள் சாட்சி. காலினின் திருமணம் 1836-இல். ‘குட்டிக் கடற்கன்னி’ வெளியானது 1837-இல். இதை வைத்து, அந்தக் கதை முழுக்க முழுக்க ஆண்டர்சனின் ஒருதலைக் காதல் மட்டுமே என்று முடிவுகட்டினால் கதை சுருங்கிவிடும். அழியாத ஆன்மாவுக்காக ஏங்கும் கடற்கன்னி அதில் காணாமல் போய்விடுகிறாள். வாழ்க்கை வரலாறு வாசிப்புக்குத் துணைநிற்கலாம். வாசிப்புக்குப் பதிலாக நிற்கக் கூடாது.

இலக்கிய ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய வாசிப்போடு ஒரு மாணவர் வந்தால் சிரித்தோ முகம் சுளித்தோ அனுப்பிவிடாதீர்கள். எந்தப் பக்கம், எந்த வரி என்று கேளுங்கள். அவர் காட்டினால், வகுப்போடு சேர்ந்து அந்த வரியைப் படியுங்கள்.