இரத்தம் வராத காயம்



ஷெல் விழுந்து ஓய்ந்ததும் நாம் பிள்ளைகளை எப்படிப் பார்த்தோம் என்பது உங்களுக்கும் நினைவிருக்கும். தலை முதல் கால் வரை தடவிப் பார்ப்போம். இரத்தம் இல்லையென்றால், "எழும்பு, ஓடு" என்போம். அந்தக் காலத்துக்கு அது சரி. ஆனால் அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை என்பதைக் கடந்த வருடம்தான் அறிந்தேன்.

2008 இல் விடத்தல்தீவிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் நாங்கள். வன்னியில் கணவரை இழந்தேன். மகன் 2009 இல் மெனிக் பாம் முகாமில் பிறந்தான். இப்போது மன்னார்த் தீவில் கருவாட்டு வாடியில் வேலை செய்து அவனைப் படிப்பிக்கிறேன். உதைபந்தாட்டம் என்றால் அவனுக்கு உயிர். மன்னாரில் எந்தப் பையனுக்குத்தான் இல்லை!

அன்றைய போட்டியில் பந்தைத் தலையால் அடிக்கப் பாய்ந்தபோது, இன்னொரு பையனின் தலையோடு மோதி விழுந்தான். பயிற்றுநர் தம்பி ஓடிப்போய் முகத்தில் தண்ணீர் தெளித்தார். "இரத்தமில்லை அக்கா, ஒண்டுமில்லை" என்றார். நானும் கோட்டுக்கு வெளியே நின்று, "எழும்பி விளையாடு ராசா" என்றேன். அவன் கடைசிவரை விளையாடினான்.

வீட்டுக்கு வரும் வழியில், "அம்மா, ஆர் வெண்டது?" என்று கேட்டான். சொன்னேன். சற்று நேரத்தில் திரும்பவும் கேட்டான். மூன்றாம் தரம் கேட்டபோது என் நெஞ்சு பதைத்தது. பிறகு சத்தி எடுத்தான். 1990 சுவசெரிய இலவச அம்புலன்சை அழைத்து வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம்.

அங்கே வைத்தியர் விளக்கினார். இது மூளை அதிர்ச்சி. தலை வேகமாக ஆட்டப்படும்போது மண்டையோட்டுக்குள் மூளையும் குலுங்குகிறது. இரத்தம் வர வேண்டியதில்லை. மயங்கி விழவும் வேண்டியதில்லை, பெரும்பாலானோர் மயங்குவதேயில்லை. அது ஆறுமுன் தலையில் இன்னொரு அடி விழுந்தால், சில பிள்ளைகளுக்கு மூளை வீங்கி உயிரே போகலாம். "அடிபட்ட பிறகும் விளையாடினானா?" என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

நான் கனடாவிலுள்ள தங்கைக்கு இதைச் சொல்லி அழுதேன். அவள் சொன்னதைக் கேட்டு வியந்தேன். 2013 இல் ஒட்டாவா நகரில் ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயது மாணவி, றக்பி ஆட்டத்தில் சில நாட்களுக்குள் திரும்பத் திரும்பத் தலையில் அடிபட்டு இறந்தாள். தனக்கு மூளை அதிர்ச்சியோ என்ற சந்தேகம் அவளுக்கே இருந்தது. நண்பிகளிடம் பேசினாள், ஆட்டத்தை விட மனமில்லாமல் பெரியவர்களிடம் சொல்லவில்லை. 2018 இல் ஒன்ராறியோ மாகாணம் அவள் பெயரிலேயே ஒரு சட்டம் இயற்றியது. பயிற்றுநர்களும் இளம் விளையாட்டாளர்களும் சிறுவர்களின் பெற்றோரும் வருடந்தோறும் இதுபற்றிய கைநூலை வாசித்து உறுதிப்படுத்த வேண்டும். சந்தேகம் என்றாலே பிள்ளையை வெளியேற்ற வேண்டும். தங்கையும் தன் மகளுக்காக அப்படி ஒப்பமிடுகிறாளாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2009 இலேயே இப்படியொரு சட்டம் வந்துவிட்டது.

மகனைப் பார்க்க வந்த பயிற்றுநர் தம்பி தலைகுனிந்து நின்றார். "எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை அக்கா" என்றார். உண்மைதான். சம்பளமில்லாமல் பிள்ளைகளுக்காக ஓடித் திரிபவர் அவர். நானும் அறியாதவள்தானே? இருவருமாக இருந்து, வைத்தியர் சொன்னவற்றை எழுதிக்கொண்டோம். நீங்களும் எழுதி உங்கள் ஊர்ப் பயிற்றுநரிடம் கொடுங்கள்:

தலையில் அடிபட்ட பிள்ளை திகைத்து நின்றாலோ, தலையிடி, தலைச்சுற்று, கண்மங்கல் என்றாலோ, கேட்டதையே கேட்டாலோ, அன்று அவனுக்கு ஆட்டம் முடிந்தது. "எனக்குச் சுகம்" என்று அவன் சொன்னாலும் விடக்கூடாது. அவனைத் தனியே விடவும் கூடாது.

திரும்பத் திரும்பச் சத்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, வலிப்பு, கைகால் சோர்வு, எழுப்பினாலும் எழும்பாத நித்திரை என்றால் உடனே 1990.

முதல் ஓரிரு நாள் ஓய்வு. கைத்தொலைபேசி பார்ப்பதையும் குறைக்க வேண்டும். பிறகு நடை, மெல்லிய ஓட்டம், பந்துப் பயிற்சி எனப் படிப்படியாக. வைத்தியர் சம்மதித்த பிறகே போட்டி.

என் மகன் நாலு கிழமை கழித்துத்தான் மைதானத்துக்குப் போனான். அதற்குப் பிறகு ஒரு முக்கிய போட்டியில், நன்றாக விளையாடும் வேறொரு பையன் தலையடிபட்டுத் தள்ளாடினான். தம்பி அவனை உடனே வெளியே எடுத்தார். ஊர்ச்சனம் கத்தியது. எங்கள் பக்கம் தோற்றது. "கோழைப் பயிற்றுநர்" என்றுகூட ஒருவர் ஏசினார். நான் போய்த் தம்பிக்குப் பக்கத்தில் நின்றேன். அந்தப் பையனின் தாயும் வந்து நின்றாள். "சர்வதேசக் கிரிக்கெட்டிலேயே 2019 முதல் தலையடிபட்டவருக்குப் பதிலாக வேறொருவரை இறக்குகிறார்கள், எங்கள் பிள்ளையின் தலை மட்டும் இரும்பா?" என்று கேட்டேன். சத்தம் அடங்கியது.

சகோதரிகளே, நாம் எத்தனையோ பேரைப் பறிகொடுத்தவர்கள். மிஞ்சிய பிள்ளைகளை விளையாட விடுவோம். விளையாட்டு அவர்களுக்கு வேண்டும். ஆனால் கழகத்தில் சேர்க்கும்போது பயிற்றுநரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "பிள்ளைக்குத் தலையில் அடிபட்டால் என்ன செய்வீர்கள் தம்பி?" அவருக்குத் தெரியாவிட்டால் ஏசாதீர்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரத் தாதியை அழைத்து, பயிற்றுநர்களும் தாய்மாரும் ஒரு மணி நேரம் ஒன்றாக இருந்து கேளுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.