பசை படிந்த விரல்களுக்கும் புத்தகம் வேண்டும்

குழந்தைக்கு ஒரு படக்கதையை வாசித்துக் காட்டி முடித்த மறுகணமே, "இந்தக் கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" என்று கேட்கும் வழக்கம் நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் வெகு காலமாக வேரூன்றியிருக்கிறது. கேட்பவர்களின் நோக்கம் நல்லதுதான். ஆயினும், அதுவரை கம்பளிப்பூச்சியோடு இலையின்மேல் ஊர்ந்துகொண்டிருந்த குழந்தை, அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் பரீட்சை எழுதும் மாணவனாகிவிடுகிறது என்பதையும், பெரியவர் எதிர்பார்க்கும் விடை எதுவென்று அவர் முகத்தைப் பார்த்தே ஊகிக்கத் தொடங்கிவிடுகிறது என்பதையும் கவனித்தவர்கள், கேள்விக்குப் பதிலாகக் காகிதத்தையும் கொஞ்சம் பசையையும் கையில் கொடுப்பதே சிறந்தது என்னும் என் அபிப்பிராயத்தை மறுக்கமாட்டார்கள்.

இதற்கு ஆதாரம் சில படக்கதைப் புத்தகங்களின் பிறப்பிலேயே இருக்கிறது. லியோ லியோனி என்னும் ஓவியர், தம் பேரக்குழந்தைகள் இருவரோடு நியூயார்க்கிலிருந்து கனெக்டிகட்டுக்கு ரயிலில் சென்றபோது, ஓரிடத்தில் இருக்கமாட்டாமல் துள்ளிய அவர்களை அமர்த்துவதற்காக, கையிலிருந்த 'லைஃப்' சஞ்சிகையின் வண்ணப் பக்கத்தைச் சிறு வட்டங்களாகக் கிழித்து, இது நீலம், இது மஞ்சள் என்று கதை சொல்லத் தொடங்கினார்; 1959இல் வெளிவந்த 'லிட்டில் ப்ளூ அண்ட் லிட்டில் யெல்லோ' அப்படிப் பிறந்ததுதான். பத்தாண்டுகளுக்குப் பின் 'தி வெரி ஹங்கிரி கேட்டர்பில்லர்' நூலை இயற்றிய எரிக் கார்ல், துளைபோடும் கருவியால் ஓர் அடுக்குக் காகிதத்தைக் குத்திக்கொண்டிருந்தபோது, அத்துளைகளில் புத்தகத்தைக் குடைந்து செல்லும் புழுவைக் கண்டார். பதிப்பாசிரியரின் யோசனையால் புழு கம்பளிப்பூச்சியாயிற்று. துளையிட்ட பக்கங்களை அமெரிக்காவில் அச்சிடுவது கட்டுப்படியாகாமல் முதற்பதிப்பு ஜப்பானில் அச்சாயிற்று. மெல்லிய தாள்களில் தாமே வர்ணம் தீட்டி, வெட்டி, ஒட்டியே அவர் தம் சித்திரங்களைச் சமைத்தார். ஆகவே, இக்கதைகளைக் கேட்டபின் காகிதத்தைக் கிழித்து ஒட்டும் குழந்தை, அவை சிருஷ்டிக்கப்பட்ட வழியிலேயே தானும் நடந்து பார்க்கிறது.

லியோனியின் கதையை வாசித்த பிறகு, நீலக் கண்ணாடித்தாளில் ஒரு வட்டமும் மஞ்சள் கண்ணாடித்தாளில் ஒரு வட்டமும் வெட்டிக்கொள்ளச் செய்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றை வைத்துப் பார்க்கும்படி சொல்லுங்கள். இரு நண்பர்களும் தழுவிப் பச்சையாகிவிட்டதையும், பெற்றோர்களே அவர்களை அடையாளம் காணாமல் நின்றதையும் காதால் கேட்டிருந்த குழந்தை, தன் விரல்களுக்கு நடுவே அந்த அதிசயம் நிகழக் கண்டு, வட்டங்களைப் பிரிப்பதும் சேர்ப்பதுமாக வெகுநேரம் இருந்துவிட்டு, சிவப்பு எங்கே என்று தானாகவே கேட்கும். சிவப்பு வந்து சேர்ந்தால் யார் யார் என்ன நிறமாவார்கள் என்பதைப் பெரியவர் சொல்லித்தர வேண்டிய அவசியமேயில்லை.

கார்லின் கம்பளிப்பூச்சி திங்கட்கிழமை ஓர் ஆப்பிளில் தொடங்கி, வெள்ளிக்கிழமை ஐந்து ஆரஞ்சுகள் வரை தின்றுகொண்டே போகிறது. நம் குழந்தைகள் அந்த வாரத்தை நாவற்பழத்தாலும் கொய்யாவாலும் சீதாப்பழத்தாலும் நிரப்பலாம். பழைய நாள்காட்டித் தாளில் வர்ணம் பூசி, உலர்ந்ததும் வெட்டி, மைதாப் பசை தடவிக் கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒட்டலாம். பூவரசிலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதத் தெரிந்த பிள்ளைக்கு, புழு கடித்த இலை எப்படியிருக்கும் என்று யாரும் காட்டவேண்டியதில்லை. கூடு கட்டும் கட்டம் வந்ததும் பாட்டியின் பழம்புடவை ஒன்று போதும். அதற்குள் சுருண்டு படுத்து, "இரண்டு வாரம் ஆகட்டும், அப்புறம்தான் வருவேன்" என்று அடம்பிடிக்கும் குழந்தை, காத்திருத்தல் என்பதைத் தன் தேகத்தாலேயே அனுபவிக்கிறது.

கைவேலை என்னும் பெயரில் இன்று பல இடங்களில் நடப்பதை நான் இதனோடு சேர்க்க விரும்பவில்லை. முன்கூட்டியே வெட்டிவைத்த வட்டங்களை வரிசையாகக் கொடுத்து, கண் இங்கே, உணர்கொம்பு அங்கே என்று ஆணையிட்டு, வகுப்பு முழுவதும் ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற பூச்சிகளைச் சுவரில் தொங்கவிடுவதும், பள்ளிக் கண்காட்சிக்காகத் தாயும் தந்தையும் நள்ளிரவுவரை விழித்திருந்து பிள்ளையின் பெயரால் ஒட்டிக்கொடுப்பதும் பெரியவர்களின் திருப்திக்காக நடக்கும் காரியங்கள். மூன்று கால்களை மட்டும் ஒட்டிவிட்டு, மற்றவை இலைக்கு அடியில் ஒளிந்திருக்கின்றன என்று சொல்லும் குழந்தையே கதைக்குள் முழுமையாகப் பிரவேசித்த குழந்தை. அதன் பூச்சியைத் திருத்துவதற்கு நமக்கு அதிகாரம் கிடையாது. 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி அம்மையார், சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு அதீதக் கற்பனைக் கதைகளைச் சொல்வதில் தயக்கம் உடையவராயிருந்தார். அந்த ஒரு விஷயத்தில் நான் அவரோடு உடன்படவில்லை. குழந்தை தானே செய்யக்கூடியதை அதற்காகப் பெரியவர் செய்துவிடலாகாது என்னும் அவருடைய உறுதியையோ, படக்கதை வாசிக்கும் ஒவ்வொரு வகுப்பிலும் கடைப்பிடிக்க வேண்டும் என்பேன்.

தமிழக அரசு 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் வழியே, நுழை, நட, ஓடு, பற என நிலைவாரியாகப் பிரித்த சிறு நூல்கள் அரசுப் பள்ளிகளுக்கு வந்திருப்பது மிகுந்த மகிழ்ச்சிக்குரியது. ஆனால் பள்ளிக்கு வரும் எந்த நூலும் இருப்புப் பதிவேட்டில் ஏறியதும் அரசுச் சொத்தாகிவிடுகிறது. ஒரு பக்கம் கிழிந்தாலும் கணக்குக் கேட்பார்களோ என்னும் அச்சம், உற்சாகமுள்ள உபாத்தியாயரையும் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டச் செய்கிறது. பசை படிந்த, ஓரம் நைந்த, தைத்த நூல் பிரிந்த பிரதியைப் பழுதாகக் கருதாமல் நற்பயனின் சாட்சியாகக் கருதும் மனோபாவம் பள்ளிக்கு வரும் ஆய்வு அதிகாரிகளிடத்தில் முதலில் ஏற்படவேண்டும். வகுப்பாசிரியர் கையொப்பமிட்டாலே அத்தகைய பிரதியைக் கணக்கிலிருந்து நீக்கிப் புதியதை அனுப்பவும், பசைக்கும் வர்ணத்துக்கும் ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையை ஒவ்வொரு தொடக்கப்பள்ளிக்கும் ஒதுக்கவும், எளிய உத்தரவு ஒன்றைக் கல்வித்துறை அடுத்த கல்வியாண்டுக்குள்ளாகவே பிறப்பிக்க வேண்டும்.