கிளிகளை இடிக்கலாமா?

பழைய வீட்டைத் திருத்த முற்படுவோர் கூரையையும் சுவரையும் பற்றியே கவலைகொள்வர். அழகுவேலைகளைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்பர், பெரும்பாலும் பார்ப்பதேயில்லை. நாமும் அவ்வெண்ணம் உடையவராகவே இருந்தோம். ஊரிலே ஆசிரியப் பணி புரிந்த காலத்தில், கொப்பியின் ஓரத்தில் மயில் வரைந்த மாணவரைக் கண்டித்தவர்தாம் நாம்.

எம் எண்ணத்தை மாற்றியது ஹாலே நகரில் உள்ள ஒரு பழைய கட்டடத்தின் கூரையடி மாடி.

1698இல் ஆகுஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்னும் போதகர், அந்நகர வாயிலுக்கு வெளியே அநாதைப் பிள்ளைகளுக்கென ஒரு பெரும் இல்லம் கட்டத் தொடங்கினார். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் பயின்ற சீகன்பால்கு ஹாலேயுடன் தொடர்புடையவரே. அங்கு வார்த்த தமிழ் அச்செழுத்துகள் 1713இல் தரங்கம்பாடியை அடைந்தன. இதனை எம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று.

அவ்வில்லத்தின் கூரையடியிலே மாணவர் பார்த்துக் கற்பதற்கென ஓர் அரும்பொருட்கூடம் உண்டு. 1736 முதல் 1741 வரை கிரூண்ட்லர் என்னும் ஓவியர் அதனை ஒழுங்கமைத்தார். பொருள்களை வெறும் பெட்டிகளில் இட்டாலும் போதுமானதே. அவரோ ஒவ்வோர் அலுமாரியின் முடியிலும் உள்ளிருப்பதை உணர்த்தும் வண்ண ஓவியங்களைத் தீட்டினார். விட்டத்திலே ஒரு முதலை தொங்குகின்றது! எம் ஓலைச்சுவடிகளும் அங்கே இருக்கின்றன. எழுத்தறியாக் குழந்தையும் தனக்கு வேண்டிய அலுமாரியைக் கண்டுகொள்ளும்.

கிழக்கு ஜேர்மனி இருந்த காலத்தில் அக்கட்டடங்கள் பராமரிப்பின்றிச் சிதைந்தன. 1990இன் பின் அவற்றைத் திருத்தியோர் கூரையோடு நின்றுவிடவில்லை. அலுமாரிகளின் வண்ணத்தையும் மீட்டு, 1995இல் கூடத்தை மீண்டும் திறந்தனர்.

அதே 1995 ஒக்டோபரில், பதின்ம வயதினராகிய நாம் வலிகாமத்தை விட்டு வெளியேறினோம். விட்டு வந்தது பாட்டனார் கட்டிய நாற்சார் வீடு. விறாந்தைத் தூண்களின் தலைப்பில் சுண்ணச்சாந்தினாற் செய்த கிளிகள் இருந்தன. ஒன்றுக்கு மட்டும் மூக்கு ஏனோ நீலம். யன்னல்களின் மேற்பகுதியில் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி. மாலை வெயிலில் அந்நிறங்கள் சீமெந்துத் தரையில் நகர்வதை ஒற்றைக்காலாற் பிடித்து விளையாடுவோம்.

இன்று கூரை இல்லை, தூண்கள் நிற்கின்றன. திருத்தப் பணம் அனுப்புகின்றோம். தூண்களை இடித்துக் கொங்கிறீற் தட்டுப் போடுவதே மலிவு என்று மேசன் கூறுவதாகத் தம்பி அறிவித்தார்.

மேசன் கூறுவது பொய்யன்று. ஹாலேக்குப் பொதுநிதி கிடைத்தது. எமக்கு மாதச் சம்பளமே உண்டு. ஆயினும் பெற்றோர்களிடம் ஒன்று கேட்கின்றோம். விடுமுறைக்கு ஊர் செல்லும் எம் பிள்ளைகளுக்குச் சதுரப் பெட்டி போன்றதொரு வீட்டை எதற்காகக் காட்டப்போகின்றோம்? அத்தகைய வீடு இங்கேயே அவர்களுக்கு இருக்கின்றது. அப்பப்பாவின் அப்பா விளையாட்டுக்குணம் உடையவர் என்பதை எந்தப் பத்திரமும் அவர்களுக்குச் சொல்லாது. நீலமூக்குக் கிளி சொல்லும்.

இவ்வாண்டு ஒரு பக்கத்துக்கு மட்டும் ஓடு போடுமாறும், தூண்களைத் தொடவேண்டாமெனவும் தம்பிக்கு எழுதியுள்ளோம். உடைந்த கண்ணாடிகளின் அளவையும் கேட்டிருக்கின்றோம். எம் மகள் இப்போதே நிறங்களைத் தெரிவுசெய்து வைத்திருக்கிறாள். அவற்றுள் ஊதாவும் ஒன்று. பாட்டனார் வீட்டில் ஊதா இருந்ததில்லை. இருக்கட்டும்.