பின் அச்சு பெரிதாக இருந்தால் போதுமா?

டிராக்டர் வாங்கப் புறப்படும் உழவர்கள் இப்போது குதிரைத்திறனை விட்டுவிட்டு, "பின் அச்சு ஹெவி டியூட்டிதானே?" என்று கேட்கத் தொடங்கியுள்ளனர். பாரிவாக்கம், பூவிருந்தவல்லி பக்கத்தில் இரண்டு, மூன்று ஏக்கர் நஞ்சை உள்ளவர்களும் இதையே கேட்கின்றனர். விற்பனையாளரும் ஒரே எஞ்சின் கொண்ட இரண்டு மாதிரிகளை அருகருகே நிறுத்தி, விலை கூடியதைக் காட்டுகிறார். கடன் வாங்கிக் கட்டும் அந்தக் கூடுதல் பணம் நிலத்திலிருந்து திரும்பி வருமா? சொந்த நிலத்தை மட்டும் உழுபவருக்கு வராது என்பதே என் கருத்து. வண்டியை வாடகைக்கு ஓட்டுபவரின் கணக்கு வேறு.

இரண்டு அச்சுகளுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் தெரிந்துகொள்வது நன்று. எஞ்சினின் சுழற்சி கியர் பெட்டியில் வேகம் குறைந்து, கிரவுன் பினியனில் மேலும் குறைந்து, பின் சக்கரத்தை அடைகிறது. வேகம் குறையக் குறைய முறுக்கு விசை கூடும். நேர் அச்சு உள்ள வண்டியில் இந்த முழு முறுக்கையும் கிரவுன் பினியனும் அச்சுத் தண்டும் தாங்க வேண்டும். சென்னையில் 1960இல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் மாஸ்ஸி பெர்குசன் 1035 இத்தகையது. பிளானட்டரி எனப்படும் கோள் பல்சக்கர அமைப்பில் கடைசி வேகக் குறைப்பு சக்கரத்தின் அருகில் நடக்கிறது. நடுவில் ஒரு சிறு பல்சக்கரம், அதைச் சுற்றி வழக்கமாக மூன்று பல்சக்கரங்கள், வெளியே அசையாத ஒரு பல்வளையம். சுமை மூன்றாகப் பிரிவதாலும், அதுவரை வரும் தண்டில் முறுக்கு குறைவாக இருப்பதாலும் எளிதில் உடைவதில்லை. அதே நிறுவனம் பின்னாளில் 241 மாதிரியில் 'பிளானட்டரி பிளஸ்' என்று பெயரிலேயே இதைச் சேர்த்தது.

உடையாது என்பது உண்மை. ஆனால் நம் வயலில் எது அச்சை உடைக்கிறது? சொர்ணவாரிக்கும் நவரைக்கும் சேற்றுழவு செய்யும்போது, கூண்டுச் சக்கரம் வரப்பில் மோதினாலோ, சகதியில் புதைந்த வண்டியைக் கிளட்சைச் சடாரென்று விட்டு எழுப்பப் பார்த்தாலோ அந்த அதிர்ச்சி நேராக அச்சுக்குப் போகிறது. ரோட்டவேட்டர் உழவில் வேலையின் பெரும்பகுதியை பி.டி.ஓ. தண்டே செய்துவிடுவதால் பின் அச்சுக்குப் பெரிய இழுவைச் சுமை இல்லை. ஆண்டுக்குச் சில நாள் இவ்வாறு உழுபவருக்கு, பதமாக ஓட்டும் ஓட்டுநர் கிடைத்தால் நேர் அச்சே பல்லாண்டு உழைக்கும்.

அச்சைத் தின்பது டிரெய்லர்தான். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வீடுகள் பெருகிவரும் இந்தப் பகுதியில் டிராக்டர் உழுவதைவிடச் செங்கல்லும் மண்ணும் ஏற்றுவதே மிகுதி. இரு சக்கர டிரெய்லர், ஏற்றிய பாரத்தில் ஒரு பங்கைக் கொக்கி வழியாக டிராக்டரின் பின் அச்சின் மீதே வைக்கிறது. நான்கு சக்கர டிரெய்லர் தன் பாரத்தைத் தானே சுமக்கிறது. டிராக்டருக்கு இழுக்கும் வேலை மட்டும்தான். ஆகவே, இரு சக்கர டிரெய்லரில் தினமும் பாரம் அடிப்பவர் கோள் பல்சக்கர அச்சுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது நியாயமே. லோடர் பொருத்துபவருக்கும், ஊருக்கெல்லாம் வாடகைச் சேற்றுழவு செய்பவருக்கும் அப்படியே.

ஆனால் பெரிய அச்சு வந்ததும் பாரத்தையும் கூட்டிவிடுகிறார்கள். அச்சு தாங்கும், பிரேக் தாங்குமா? டிரெய்லருக்கெனத் தனி பிரேக் இல்லாவிட்டால், இறக்கத்தில் அத்தனை பாரமும் டிராக்டரைப் பின்னாலிருந்து தள்ளும். கொக்கியை உயரமான இடத்தில் மாட்டி இழுத்தால் முன் சக்கரம் தூக்கி, வண்டி பின்புறமாகக் கவிழ்ந்து ஓட்டுபவர் மேலேயே விழும். இந்த ஆபத்தை எந்தக் கனரக அச்சும் தடுக்காது. எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ளதா என்பதை அச்சைவிட முதலில் கேட்க வேண்டும் என்பேன். சேற்றில் உழலும் வண்டிக்கு அது மிகவும் ஏற்றது.

எடை கூடினால் பிடிப்பு கூடும் என்று நினைப்பதும் பாதிதான் சரி. ஹாரி பெர்குசன் 1930களில் மூன்று முனை இணைப்பைப் புகழ்பெறச் செய்தபோது காட்டியதே இதுதான்: கலப்பையின் இழுவையே எடையைப் பின் சக்கரத்தின் மீது ஏற்றினால், இலேசான டிராக்டரும் நன்கு உழும். ஏரிப் பாசனக் களிமண்ணில் கனத்த வண்டி அடி இறுக்கத்தை உடைத்துக்கொண்டு புதையும். பக்கத்து ஆவடியில் தயாரான அர்ஜுன் டாங்கி 60 டன்னை நெருங்கும் எடையுடன் சேற்றைக் கடக்கிறதே என்று கேட்கலாம். அது தன் எடையை நீண்ட இரு சங்கிலிப் பட்டைகளில் பரப்புகிறது; நம் வண்டிக்கு இருப்பது இரண்டு டயர்கள்.

புன்செய் உழவில் எடை போதுமா என்று நீங்களே அளந்து பார்க்கலாம். பின் டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு இடுங்கள். கலப்பையைத் தூக்கிய நிலையில் 10 சுற்றுக்கு வண்டி போகும் தூரத்தையும், உழுதுகொண்டே 10 சுற்றுக்குப் போகும் தூரத்தையும் அளவிடுங்கள். முதலாவது 40 மீட்டர், இரண்டாவது 35 மீட்டர் என்றால் வழுக்கல் 12.5 சதம்; இது சரியான அளவு. 15 சதத்தைத் தாண்டினால் எடை சேர்க்கலாம். அதற்குப் புது அச்சு எதற்கு? டயரில் முக்கால் பங்கு நீர் நிரப்பினாலே, அளவைப் பொறுத்து ஒரு டயருக்கு 150 முதல் 200 கிலோ வரை கூடும். சேற்றுழவுக்கு முன் அந்த நீரை இறக்கிவிட முடியும். அச்சின் இரும்பை இறக்க முடியாது.

பழைய வண்டியில் வேறு மாதிரியின் பெரிய அச்சைப் பட்டறையில் மாற்றிப் பொருத்தும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. பல்விகிதம் மாறுவதால் ஒவ்வொரு கியரிலும் வேகம் மாறும். பிரேக் இணைப்பும் பொருந்தாமல் போகலாம். நான்கு சக்கர இயக்க வண்டியாக இருந்தால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். தவிர, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் சிக்கல் எழும்.

புது வண்டி வாங்குபவர்கள் விளம்பரத் தாளோடு நின்றுவிடாமல், மத்தியப் பிரதேசத்தில் உள்ள புத்னி பண்ணை இயந்திரப் பரிசோதனை நிலையத்தின் அறிக்கையைக் கேட்டுப் பாருங்கள். பின் அச்சில் விழும் எடை, இழுவைத் திறன், பிரேக் சோதனை எல்லாம் அதில் இருக்கும். மூன்று ஏக்கருக்கு மேல் நிலமில்லாதவர்கள் வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டரையும் கணக்கில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் ஒரு வெள்ளைத் துணியுடன் போகட்டும். பின் அச்சின் அளவுகோலை உருவித் துடைத்துப் பாருங்கள். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துள்ளது; பெரும்பாலும் ஆயில் சீல் போயிருக்கும். துணியில் இரும்புத் துகள் மின்னினால், அச்சு எந்த வகையானாலும் அந்த வண்டிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.