சிறுநீர் கழித்த பிறகே பஸ் ஏறட்டும்

எழுபதைத் தொட்ட ஆண்களுக்குத் திடீரென மூத்திரம் அடைத்துக்கொள்வது நம் கடற்கரை ஊர்களில் அடிக்கடி பார்ப்பதுதான். பெரும்பாலும் புராஸ்டேட் வீக்கமே காரணம். சிறுநீர்ப்பைக்குள் டியூப் போட்டதும் உயிர் போகிற வலி அடங்கிவிடும். சிக்கல் அதை எடுக்கும் நாளில் வருகிறது.

பெரியதாழையிலிருந்தோ வேம்பாரிலிருந்தோ தூத்துக்குடிக்கு வருகிறவர் ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் நின்று உள்ளே நுழைய மணி பதினொன்று ஆகிவிடுகிறது. டியூபை உருவிவிட்டு, "தாத்தா, வீட்டுக்குப் போயி நல்லா தண்ணி குடிங்க" என்று அனுப்பிவிடுகிறோம். சிறுநீர்ப்பை நிறையச் சில மணி நேரம் ஆகும். மறுபடி அடைத்தால் அது தெரியவருவது ஊர் போய்ச் சேர்ந்த பிறகு, பொழுது சாய்ந்த வேளையில். மகனைக் கூப்பிடலாம் என்றால், காலை 5 மணிக்குப் போன விசைப்படகு கரை திரும்ப இரவு 9 ஆகும். அவன் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை ஓ.பி. கிடையாது.

இதைத் தவிர்க்க எளிய வழி இருக்கிறது. டியூப் வழியாகவே 200 முதல் 300 மில்லி சலைனை மெதுவாக உள்ளே விட வேண்டும். "முட்டுது" என்று அவர் சொன்னதும் டியூபைப் பிடித்துவைக்கும் பலூனில் உள்ள தண்ணீரைச் சிரிஞ்சில் முழுவதும் எடுத்துவிட்டு டியூபை உருவ வேண்டும். உடனே கழிவறைக்கு அனுப்பி, அளவுக் குவளையில் பிடிக்கச் சொல்லுங்கள். உள்ளே விட்டதில் மூன்றில் இரண்டு பங்கு வந்துவிட்டால் பெரும்பாலோர் தைரியமாக ஊருக்குக் கிளம்பலாம். வராவிட்டால் பட்டப்பகலில், அதே இடத்தில், அதே நர்ஸ் மறுபடி போட்டுவிடுவார்.

மாத்திரையும் முக்கியம். ஓர் ஆய்வில், அல்ஃபுசோசின் கொடுத்து இரண்டு மூன்று நாள் கழித்து டியூபை எடுத்தபோது 100 பேரில் 62 பேருக்குச் சிறுநீர் தானாகப் பிரிந்தது. கொடுக்காதவர்களில் 48 பேருக்குத்தான். சாப்பிட்ட பின் தர வேண்டிய மாத்திரை. சிலருக்கு எழுந்ததும் தலை சுற்றும், அதையும் சொல்லி அனுப்ப வேண்டும்.

"அடுத்த வாரம் வாங்க" என்று தள்ளிப்போடுவதையும் நான் ஏற்கவில்லை. டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் 100க்கு 3 முதல் 7 பேருக்குச் சிறுநீரில் கிருமி சேர்கிறது.

சலைன் விட்டு டியூபை எடுப்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலை ஏழரைக்கே செய்யலாம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீடு தேடிப் போகும் நர்ஸ்கள் மறுநாள் நிலவரம் கேட்டு வரலாம். டியூப் போட்டு அனுப்பும் ஒவ்வொரு மருத்துவரும் சீட்டில் மூன்றை எழுதித் தாருங்கள்: எடுக்க வேண்டிய தேதி, எடுக்கும் இடம், ராத்திரியில் கூப்பிட ஒரு போன் நம்பர்.

கட்டுரையாளர்: சிறுநீரியல் அறுவைச் சிகிச்சை மருத்துவர், தூத்துக்குடி